நண்பர் தவணை கட்டுகிறேன் என்கிறார்: கடனில் இருக்கும் காரைக் கைமாற்றும் முன்

வேலை மாறுகிறது, வேறு நாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது, அல்லது மாதத் தவணை கழுத்தை நெரிக்கிறது. கார் கடனில் இன்னும் மூன்று வருஷம் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஒரு நண்பர், "வண்டியை நான் எடுத்துக்கறேன், மிச்சத் தவணையை நானே கட்டிடறேன்" என்கிறார். இரண்டு பேருக்கும் நல்லதாகத்தான் படுகிறது. வங்கிப் பக்கம் போக வேண்டாம், கடனை முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வேண்டாம், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

இது உலகம் முழுக்க நடக்கிறது. மலேசியாவில் 'சம்புங் பாயார்' என்றும் பிலிப்பைன்ஸில் 'பசாலோ' என்றும் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நடக்கிற இடமெல்லாம் சிக்கல் ஒன்றுதான்: கார் நண்பரிடம் போய்விடுகிறது, கடன் உங்களிடமே இருக்கிறது. நண்பர் நல்லவரா கெட்டவரா என்பதை வைத்து இதை முடிவு செய்யப் பார்க்கிறோம். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, வண்டி கையை விட்டுப் போன பிறகு எதெல்லாம் உங்கள் பெயரில் மிஞ்சும் என்பது.

முதல்முறையாக இந்த யோசனையைக் கேட்டு, சரி என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். கீழே வங்கி என்று வரும் இடங்களில் ஃபைனான்ஸ் கம்பெனியும் அடக்கம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், சில நாடுகளின் விதிகளை எடுத்துக்காட்டாகத் தொட்டுப் போகிறேன்.

முதலில் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

கார் வாங்கிய அன்று முப்பது நாற்பது இடத்தில் கையெழுத்துப் போட்டோமே, அந்தக் கட்டுதான். பெரும்பாலோர் அதை அதற்கப்புறம் பிரிப்பதே இல்லை. இப்போது பிரியுங்கள். முழுதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் மூன்று விஷயங்களை மட்டுமாவது தேடுங்கள்.

ஒன்று, வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வண்டியை விற்கவோ, வாடகைக்கு விடவோ, வேறொருவர் வசம் ஒப்படைக்கவோ கூடாது என்ற வாசகம். ஏறக்குறைய எல்லா கார் கடன் ஒப்பந்தத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். இரண்டு, அதை மீறினால் என்ன ஆகும் என்ற பகுதி. பல ஒப்பந்தங்களில், தவணை ஒன்றுகூடத் தவறாவிட்டாலும், வண்டியைக் கைமாற்றியதே ஒப்பந்த மீறல் ஆகிவிடும்; மொத்த பாக்கியையும் ஒரே நேரத்தில் கேட்கும் உரிமை வங்கிக்கு வந்துவிடும். மூன்று, கடனை முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு கட்டணம் என்பது. இந்தக் கட்டணத்துக்குப் பயந்துதான் நிறையப் பேர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

ஒப்பந்தத்தின் வகையையும் கவனியுங்கள். சாதாரணக் கடனில் கார் உங்களுடையது, வங்கிக்கு அதன் மேல் பிடிமானம் மட்டும் இருக்கும். பிரிட்டனில் பரவலாக இருக்கும் ஹயர் பர்ச்சேஸ் முறையில் கடைசித் தவணை கட்டி முடியும்வரை கார் ஃபைனான்ஸ் கம்பெனிக்குத்தான் சொந்தம். உங்களுடையதே அல்லாத ஒன்றை நண்பருக்கு விற்க முடியாது. லீஸ் எடுத்த வண்டியும் அப்படியே. ஆனால் லீஸில் ஒரு வசதி உண்டு: சில கம்பெனிகள் முறைப்படி இன்னொருவருக்கு மாற்றித் தருகின்றன. மாற்றிய பிறகும் பழையவரைப் பொறுப்பில் வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு என்பதால், அந்த ஒரு வரியை மட்டும் குறிப்பாகக் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

எது எது யார் பெயரில் இருக்கும்

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடன்: உங்கள் பெயர். வண்டிப் பதிவு: உங்கள் பெயர், கூடவே வங்கியின் பெயர். இன்சூரன்ஸ்: உங்கள் பெயர். சாவி: நண்பர் கையில்.

பதிவை நண்பர் பெயருக்கு மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். பல நாடுகளில் முடியாது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 51ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கடன் கொடுத்தவரின் பெயர் இருக்கும்வரை அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் பதிவாகாது. அமெரிக்காவில் உரிமைப் பத்திரத்திலேயே கடன் கொடுத்தவரின் பெயர் ஏறியிருக்கும். அது நீங்காமல் வாங்குபவருக்குச் சுத்தமான பத்திரம் கிடைக்காது. ஆக, வங்கிக்குத் தெரியாமல் செய்யும் ஏற்பாட்டில் பெரும்பாலும் பதிவு உங்கள் பெயரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் என்ன என்று கேட்டால், முதலில் வருவது சின்னத் தொல்லை. வேகமாகப் போனதற்கு கேமரா எடுத்த படம், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய அபராதம், சுங்கச்சாவடி பாக்கி எல்லாம் பதிவில் இருக்கும் முகவரிக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு வரும். "அது நான் போட்டது இல்லப்பா, என் தம்பி ஓட்டினான்" என்று நண்பர் சொல்வார். அவர் தம்பிக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது.

பெரிய தொல்லை விபத்து. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வண்டி பல கை மாறிப் போயிருந்தாலும், பதிவேட்டில் பெயர் மாறாதவரை பதிவில் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1920இல் அதன் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கோட்பாடு இன்றும் நடப்பில் இருக்கிறது: காரை நீங்களாக விரும்பி ஒருவரிடம் கொடுத்தால், அவர் ஓட்டி ஏற்படுத்தும் சேதத்துக்கு உரிமையாளராக நீங்களும் பொறுப்பு. எல்லா இடத்திலும் சட்டம் இவ்வளவு கடுமை இல்லை. ஆனால் விபத்து நடந்தால் போலீசும் வக்கீல்களும் முதலில் தேடுவது வண்டி எண்ணுக்கு உரியவரை என்பது எல்லா நாட்டுக்கும் பொது.

இன்சூரன்ஸ்: அதிகம் பேசப்படாத ஓட்டை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தவணை தவறுவதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், இன்சூரன்ஸ் பற்றிச் சொல்பவர்கள் குறைவு.

பாலிசி எடுத்தபோது ஒரு படிவம் நிரப்பினீர்கள். வண்டி எங்கே நிற்கும், யார் ஓட்டுவார், எதற்குப் பயன்படும் என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். வண்டி நண்பர் வீட்டுக்குப் போன நாள் முதல் அந்தப் பதில்கள் பொய்யாகிவிட்டன. எப்போதாவது இரவல் வாங்கி ஓட்டுபவருக்குப் பல பாலிசிகள் இடம் கொடுக்கும். நிரந்தரமாக வைத்து ஓட்டுபவர் வேறு கதை. கிளெய்ம் வரும்போது கம்பெனியின் ஆள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, வண்டி யார் வசம் இருந்தது என்பது. நண்பர் வெள்ளந்தியாக, "நான் வாங்கிட்டேன் சார், தவணை நான்தான் கட்டறேன்" என்று சொன்னால் அந்த ஒரு வாக்கியமே கிளெய்மை மறுக்கப் போதுமான காரணம் ஆகலாம்.

மறுக்காவிட்டாலும் பணம் யாருக்குப் போகும்? கார் முழுச் சேதம் ஆனால் இன்சூரன்ஸ் தொகை முதலில் வங்கிக்கு, மிச்சம் இருந்தால் பாலிசிதாரருக்கு, அதாவது உங்களுக்கு. இரண்டு வருஷமாகத் தவணை கட்டிவந்த நண்பர் சட்டப்படி கணக்கிலேயே இல்லை. அங்கேதான் நட்பு நீதிமன்ற வாசல்படி ஏறும். மேலும், இன்சூரன்ஸ் தருவது காரின் அன்றைய மதிப்பு. கடன் பாக்கியை அது பார்ப்பதில்லை. பாக்கி அதைவிட அதிகமாக இருந்தால், இல்லாத காருக்கு நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். இந்த இடைவெளியை நிரப்பத் தனி பாலிசி சில நாடுகளில் கிடைக்கிறது, ஆனால் அதற்கும் அடிப்படை பாலிசி செல்ல வேண்டும்.

திருட்டு இன்னும் வினோதம். நண்பர் வண்டியோடு காணாமல் போனால் திருட்டு என்று புகார் கொடுக்கப் போவீர்கள். "சாவியை யார் கொடுத்தது?" என்பார்கள். நீங்களே கொடுத்தது என்றால் பல இடங்களில் அது திருட்டாகப் பதிவாகாது, உங்கள் இருவருக்குள் உள்ள பணத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். போலீஸ் திருட்டு என்று எழுதாததை இன்சூரன்ஸும் திருட்டாக எடுத்துக்கொள்ளாது.

தவணை எப்படித் தவறும்

ஒரேயடியாக நின்றுபோவது அபூர்வம். இப்படித்தான் நடக்கும். உங்கள் தவணை மாதம் 5ஆம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும். நண்பர் 3ஆம் தேதிக்குள் பணம் போட்டுவிட வேண்டும் என்று பேச்சு. முதல் சில மாதம் 1ஆம் தேதியே வந்துவிடும். அப்புறம் 4ஆம் தேதி இரவு வரும். பிறகு ஒரு மாதம் 6ஆம் தேதி காலை ஒரு செய்தி: "மச்சி, இந்த மாசம் கொஞ்சம் டைட். வெள்ளிக்கிழமை கண்டிப்பா போட்டுடறேன்."

அவருக்கு அது மூன்று நாள் தாமதம். உங்களுக்கு, 5ஆம் தேதியே கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பியிருக்கும். வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்த கம்பெனி இன்னொரு கட்டணம் பிடிக்கும், தாமத வட்டி தனி. நண்பர் வெள்ளிக்கிழமை தவணைத் தொகையை மட்டும் போடுவார். அந்த இரண்டு கட்டணத்தைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். கேட்காத அந்தச் சின்னத் தொகை கடன் கணக்கில் பாக்கியாகவே நின்று, அடுத்தடுத்த மாதம் தவணை ஒழுங்காகப் போனாலும் நிலுவை என்றே காட்டும். கிரெடிட் ரிப்போர்ட்டில் கறை விழுவது உங்கள் பெயருக்கு எதிரே. வங்கியிலிருந்து அழைப்பு வருவதும் உங்கள் எண்ணுக்கு.

தவணை ஒழுங்காகப் போனாலும் ஒரு இழப்பு உண்டு. நீங்கள் வீட்டுக் கடனுக்கோ வேறு கடனுக்கோ விண்ணப்பித்தால், அந்த கார் தவணை உங்கள் மாதச் சுமையாகவே கணக்கில் சேரும். "அதை என் நண்பர்தான் கட்டுகிறார்" என்றால், வண்டி அவரிடம் இருப்பதை நீங்களே வாயால் ஒப்புக்கொண்டதாக ஆகும்.

கணக்கைப் போடாமல் கைகுலுக்காதீர்கள்

நண்பரின் குணத்தை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். 60 மாதக் கடன், ஆண்டுக்கு 10% வட்டி, மாதாமாதம் குறையும் பாக்கிக்கு வட்டி என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய கடன் 100 என்றால் மாதத் தவணை 2.12 வரும். 24 மாதம் கட்டிய பிறகு பாக்கி எவ்வளவு? காலத்தில் 40% முடிந்துவிட்டதால் 60 இருக்கும் என்று மனசு சொல்லும். உண்மையில் சுமார் 66 இருக்கும். முதல் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம் என்பதுதான் காரணம். ஒரு வருஷம் மட்டும் கட்டியிருந்தால் பாக்கி கிட்டத்தட்ட 84.

இப்போது காரின் இன்றைய சந்தை மதிப்பைப் பாருங்கள். அது 80 என்றால், கடனை இன்றே 66 கொடுத்து அடைத்துவிட்டு விற்றால் உங்கள் கையில் 14 நிற்கும். "மிச்சத் தவணையை மட்டும் கட்டிட்டு வண்டியை வெச்சுக்கோ" என்று சொன்னால் அந்த 14ஐ நண்பருக்குத் தானம் செய்கிறீர்கள். செய்யலாம், தவறில்லை. தெரிந்து செய்யுங்கள்.

மதிப்பு 55தான் என்றால் கதை தலைகீழ். நண்பர் 55 பெறுமான வண்டிக்கு 66 கடனைச் சுமக்கிறார், தவணையாகக் கட்டுவது வட்டியோடு மொத்தம் 76க்கு மேல் போகும். இது அவருக்கு உடனே உறைக்காது. ஆறு மாதம் கழித்து, அதே மாடல் வண்டியை வேறொருவர் குறைந்த விலைக்கு வாங்கியதைக் கேள்விப்படும் அன்று உறைக்கும். அல்லது பெரிய ரிப்பேர் ஒன்று வரும் அன்று. காரைத் திருப்பி உங்கள் வாசலில் விட்டுவிட்டால் அவருக்கு நஷ்டம் அத்தோடு நின்றுவிடும். உங்களுக்குத்தான் அந்த வழி இல்லை. நல்ல மனிதர்களும் தவணையை நிறுத்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், என் பார்வையில்.

தவணை நின்றுபோனால் கடைசியில் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அமெரிக்காவில் கைகலப்பு, மிரட்டல் இல்லாமல் எடுக்க முடிந்தால் கோர்ட் உத்தரவே தேவையில்லை. பிரிட்டனின் ஹயர் பர்ச்சேஸில் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி கோர்ட் உத்தரவு வேண்டும். எப்படி எடுத்தாலும் ஏலத்தில் வருவது அடிமாட்டு விலை. ஏலத் தொகை போக மிச்சப் பாக்கியை உங்களிடம்தான் கேட்பார்கள், பல நாடுகளில் அதற்காக வழக்கும் போடலாம்.

சரியான வழிகள், நான் பரிந்துரைக்கும் வரிசையில்

முதல் வழி, நண்பர் தன் பெயரில் பழைய கார் கடன் ஒன்று வாங்கி, அதை வைத்து உங்கள் கடனை அடைப்பது. சந்தேகமே இல்லாமல் இதுதான் சுத்தமானது. அவருக்கு வட்டி கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பழைய வண்டிக்கு அப்படித்தான். "எனக்கு எந்த வங்கியும் கடன் தராது" என்று அவர் சொன்னால் அதைக் கவனமாகக் காதில் வாங்குங்கள். பணம் கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவருடைய கணக்கைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள். அந்த ஆபத்தை வட்டிகூட வாங்காமல் நீங்கள் ஏற்கப்போகிறீர்கள்.

இரண்டாவது, உங்கள் வங்கியிடமே கடனை நண்பர் பெயருக்கு மாற்றித் தரக் கேட்பது. எல்லா வங்கியும் செய்யாது. செய்யும் வங்கி நண்பரின் வருமானம், கிரெடிட் ரிப்போர்ட் எல்லாம் பார்த்துப் புதுக் கடன் போலவே நடத்தும். இதில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது ஒன்று: உங்களை முழுதாக விடுவிக்கிறார்களா, அல்லது நண்பரைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டு உங்களையும் ஜாமீன்தாரராக வைத்துக்கொள்கிறார்களா? முன்னவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று எழுத்தில் வாங்குங்கள். கிளையில் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது.

மூன்றாவது, வண்டியை வேறு யாருக்காவது, வங்கிக்குத் தெரிந்தே, விற்றுக் கடனை அடைப்பது. விற்ற பணம் பாக்கிக்குப் போதாவிட்டால் குறையும் தொகையை நீங்கள் போட வேண்டும். வலிக்கும்தான், ஆனால் எவ்வளவு வலிக்கும் என்று அன்றே தெரிந்துவிடும்.

பிரச்சினை தவணைச் சுமை மட்டும்தான் என்றால், கைமாற்றும் முன் வங்கியிடம் தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். ஒரு தவணைகூடத் தவறாத நிலையில் போய்க் கேட்பவருக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. பிரிட்டனில் ஹயர் பர்ச்சேஸ் எடுத்தவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு: மொத்தத் தொகையில் பாதி கட்டியிருந்தால், காரைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை அதே 1974 சட்டத்தில் இருக்கிறது. இது தெரியாமலேயே நண்பருக்குத் தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

கைமாற்றும் நாளின் வரிசை

முதல் வழியை எடுத்துக்கொண்டால் வேலை இந்த ஒழுங்கில் நடக்க வேண்டும். வங்கியிடம் கடனை முடிப்பதற்கான கணக்கு அறிக்கை கேளுங்கள். அதில் அசல் பாக்கி, அன்றுவரை வட்டி, முன்கூட்டி அடைக்கும் கட்டணம், பழைய தாமதக் கட்டணம் ஏதாவது இருந்தால் அது, எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். கீழே ஒரு தேதி போட்டிருப்பார்கள்: இந்தத் தொகை இன்னாள் வரைதான் செல்லும் என்று. அந்தத் தேதிக்குள் நண்பரின் புதுக் கடன் பணம் வந்துசேர வேண்டும், இல்லாவிட்டால் அறிக்கையை மறுபடி வாங்க வேண்டும். பாதிப் பேர் அலைவது இந்தத் தேதியைக் கவனிக்காததால்தான்.

பணம் நண்பரின் வங்கியிலிருந்து உங்கள் வங்கிக்கு நேராகப் போகட்டும். உங்கள் கணக்கு வழியாக வந்தால் தப்பில்லை, ஆனால் நடுவில் நிற்பது தேவையில்லாத தலைவலி. அடைத்ததும் கடன் முடிந்ததற்கான கடிதமும் தடையில்லாச் சான்றும் வாங்குங்கள். அதை வைத்துப் பதிவேட்டில் வங்கியின் பெயரை நீக்க வேண்டும். இந்தியாவில் இதற்குப் படிவம் 35. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. நண்பரின் வங்கி தன் பெயரைப் பதிவில் ஏற்றும் வேலையும் இதோடு சேர்ந்தே நடக்கும். மற்ற நாடுகளில் படிவத்தின் பெயர் மாறும், வேலை இதேதான்.

இன்சூரன்ஸை நண்பர் பெயருக்கு மாற்றுங்கள், அல்லது அவர் புதிதாக எடுக்கட்டும். கிளெய்ம் இல்லாததற்காக உங்களுக்குச் சேர்ந்திருக்கும் தள்ளுபடியை நீங்கள் வாங்கும் அடுத்த காருக்கு எடுத்துப் போக முடியுமா என்று கேளுங்கள், பல கம்பெனிகள் அனுமதிக்கும். தானாகப் போகும் தவணை உத்தரவை உங்கள் வங்கிக் கணக்கில் ரத்து செய்யுங்கள். சுங்கச்சாவடிக்கான அட்டை, காரோடு இணைத்த செயலி, அதில் சேமித்த வீட்டு முகவரி, தொலைபேசி எண்கள் எல்லாம் நீக்குங்கள். சாவி கடைசியில். "வண்டியை முன்னாடியே எடுத்துட்டுப் போறேன், பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டி கைக்கு வந்தவருக்குப் பேப்பர் வேலையில் அவசரம் இருக்காது.

வண்டியை எடுத்துக்கொள்ளும் நண்பர் நீங்கள்தான் என்றால்

உங்கள் நிலைமை சில விதத்தில் இன்னும் மோசம். கடைசித் தவணை வரை கட்டினாலும் வண்டி உங்களுடையது என்று காட்ட ஒரு பதிவும் இல்லை. நீங்கள் அனுப்பிய பணத்தை அவர் வங்கியில் கட்டாமல் செலவழித்தால் வண்டியைத் தூக்கப்போவது உங்கள் வாசலிலிருந்து. ஒரே வங்கியில் அவருக்கு வேறு கடன் இருந்து, அது தவறினாலும் இந்த காரின் மேல் கைவைக்க இடம் கொடுக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்று அவர் கைக்குத்தான் போகும். அன்று காரின் மதிப்பைப் பார்த்து மனசு மாறினால் நீங்கள் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அவர் இறந்துபோனால் கார் அவருடைய வாரிசுகளின் சொத்துக் கணக்கில் சேரும். உங்கள் பேச்சுவார்த்தை பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். குறைந்தபட்சம், தவணை ஒவ்வொரு மாதமும் வங்கியில் விழுந்ததற்கான ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் இந்த ஏற்பாடு வேண்டாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால்

இதைப் படிப்பவர்களில் சிலர் இந்த நிலையில் இருப்பீர்கள். பதற வேண்டாம், ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டியவை உண்டு.

தவணை உங்கள் கணக்கிலிருந்தே போகட்டும். நண்பர் வங்கிக்கு நேராகக் கட்டுகிறார் என்றால் அதை மாற்றுங்கள். அவர் உங்களுக்குத் தவணைத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்ப வேண்டும், ரொக்கமாக வேண்டவே வேண்டாம், வங்கி வழியாக, என்ன பணம் என்று குறிப்போடு. இரண்டு தவணைத் தொகையை முன்பணமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போடறேன் என்ற செய்தி வரும்போது அந்தப் பணம் உங்களைக் காப்பாற்றும். கடன் கணக்கின் இணையவழி நுழைவும், எச்சரிக்கைச் செய்திகளும் உங்கள் எண்ணுக்கே வருகின்றனவா என்று பாருங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முக்கிய ஓட்டுநர் யார், வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் திருத்துங்கள். பிரீமியம் கூடலாம், நண்பரிடம் வாங்குங்கள். இதை எழுதும்போதே ஒரு தயக்கம் வருகிறது: கம்பெனிக்குச் சொல்வதால் வங்கிக்குத் தெரிந்துவிடுமோ என்று கேட்பீர்கள். தெரியலாம். செல்லாத பாலிசியோடு வண்டி ஓடுவதைவிட அது சிறிய ஆபத்து.

எழுத்தில் ஒரு ஒப்பந்தம் போடுங்கள். பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் எவ்வளவு, அபராதம், ரிப்பேர், இன்சூரன்ஸ் யார் கட்டுவது, இரண்டு தவணை தவறினால் வண்டியைத் திருப்பித் தருவது, எந்தத் தேதிக்குள் அவர் சொந்தக் கடனுக்கு மாறுவது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அந்தத் தாளின் வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் இருவரைத்தான் கட்டும், வங்கியைக் கட்டாது. வங்கியின் சம்மதம் இல்லாமல் கைமாற்றினீர்கள் என்பதற்கு உங்கள் கையெழுத்தோடு கூடிய சாட்சியும் அதுவே. ஆகவே பெரிய தொகை என்றால் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். வெற்றுத்தாளில், அல்லது தேதியில்லாத பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நண்பரிடம் கொடுத்திருந்தால் முதல் வேலையாக அதைத் திரும்ப வாங்குங்கள்.

இன்னொரு சாவி உங்களிடம் இருக்கட்டும். வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி இருந்தால் நண்பருக்குச் சொல்லிவிட்டே வையுங்கள். சொல்லாமல் வைப்பது சில நாடுகளில் உங்களைக் குற்றவாளியாக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு முடிவுத் தேதி குறியுங்கள். ஆறு மாதத்துக்குள் அவர் பெயரில் கடன், இல்லையேல் வண்டியை விற்பது. அந்த ஆறு மாதத்தில் அவர் ஒழுங்காகக் கட்டியதற்கான வங்கிக் கணக்கு விவரம், புதுக் கடனுக்கு அவர் விண்ணப்பிக்கும்போது உதவவும் கூடும்.

கடன் முடிந்து ஓரிரு மாதம் கழித்து உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அந்தக் கடன் எண்ணுக்கு எதிரே 'முடிக்கப்பட்டது' என்று இருக்க வேண்டும், நிலுவை பூஜ்யமாக இருக்க வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று மாறாமல் இருந்தாலும், கையில் இருக்கும் தடையில்லாச் சான்றின் நகலோடு அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.